சிலர் உதவினார்கள்

கச்சிராயபாளையம்
14.11.1987

விஜயாவுக்கு,

அரங்கநாதன் எழுதுவது. போன வாரம் ஜாமீனில் வெளியே வந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு நடத்திய மறியலில் செப்டம்பர் மாதம் பிடித்தவர்களில் மற்ற ஊர்க்காரர்கள் எல்லாரும் தீபாவளிக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் ஊர் ஆட்களை மட்டும் மனுவைத் தள்ளித் தள்ளி வைத்து கடலூர் ஜெயிலிலேயே உட்கார வைத்தார்கள். எதனால் என்று உனக்குத் தெரியும்.

நீ மலையிலிருந்து பஸ் பிடித்து ஜெயில் வாசல்வரை வந்தாயாம். நான் பார்க்க மறுத்துவிட்டதாக உன் அண்ணியிடம் சொல்லி அழுதாயாம். மறுத்தது உண்மை. என்னோடு இருந்தவர்கள் எல்லாரும் நீ எழுதிக் கொடுத்ததைக் கேள்விப்பட்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் எழுந்து வந்து உன்னிடம் நான் என்ன பேசுவது?

பொங்கலுக்கு இங்கே வர வேண்டாம். இதை அண்ணி சொல்லி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கொளஞ்சியம்மாளுக்கு உன்மேல் கோபம் கிடையாது. தேவிப்ரியாவும் அத்தை எப்போது வரும் என்று கேட்கிறாள். வர வேண்டாம் என்பது நான் சொல்வது.

அரங்கநாதன்


வெள்ளிமலை
24.11.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் வெளியே வந்ததை உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். சந்தோஷம்.

எதனால் என்று எனக்குத் தெரியும் என்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. பாப்பாத்தி விஷயமாக நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைச் சொல்கிறீர்கள் என்று மட்டும் ஊகிக்கிறேன். அதை நானாக எழுதவில்லை. மலையிலிருந்து பிரசவத்துக்குக் கீழே கொண்டு வந்த பெண்ணுக்குக் குழந்தை இறந்து பிறந்தால், கூட வந்த நர்ஸ் விளக்கம் எழுதித் தர வேண்டும். ஏன் தாமதம், வழியில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். இங்கிலீஷில் கேட்டார்கள், நானும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினேன். அது ஆஸ்பத்திரி ஃபைலோடு போய்விடும் என்று நினைத்தேன். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த ஒரு பக்கத்தில் உங்கள் பெயர் இல்லை. அப்போது உங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதால் வேண்டுமென்றே விட்டேன். ரோட்டில் மரம் வெட்டிப் போட்டிருந்தது, ஜீப் போக முடியவில்லை, சிலர் உதவினார்கள், கட்டிலில் தூக்கிக் கொண்டுபோனோம். இவ்வளவுதான் எழுதினேன். இதில் எந்த வரி உங்களை ஜெயிலில் வைத்தது?

பொங்கலுக்கு நான் வரவில்லை. லீவும் கிடைக்காது. எந்த வரி என்று மட்டும் எழுதுங்கள்.

விஜயலட்சுமி


கச்சிராயபாளையம்
5.12.1987

விஜயாவுக்கு,

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன்.

எங்கள்மேல் போட்ட வழக்கில் ரோட்டை மறித்தது, மரம் வெட்டியது தவிர, நோயாளி வந்த வண்டியை மறித்தது என்று ஒரு பிரிவும் சேர்த்திருக்கிறார்கள். மற்ற ஊர்களுக்கு அது இல்லை. எங்களுக்காக ஆஜரான வக்கீல் தனசேகரன், இவர்கள் மறிக்கவில்லை, பெண்ணைத் தூக்கி மரங்களைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டவர்களே இவர்கள்தான் என்று ஜாமீன் கேட்டார். உடனே அரசு வக்கீல் எழுந்து உன் அறிக்கையை எடுத்தார். ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். எனக்குப் பாடம் ஆகிவிட்டது. "ஃபியூ பீப்பிள் ஹெல்ப்ட் அஸ் டு கிராஸ்."

"உதவி செய்ய ஆளே இல்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். எழுதியவர் வேறு யாரும் இல்லை, வழக்கில் முதல் எதிரியான இந்த அரங்கநாதனின் கூடப் பிறந்த தங்கை" என்றார் அவர். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் மனுவைத் தள்ளி வைத்தார்கள்.

நான் தனசேகரனிடம் கேட்டேன். ஃபியூ என்றால் சில என்றுதானே எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார் என்றேன். அதற்கு முன்னால் ஒரு "எ" இருந்தால்தான் அப்படி என்றார் அவர். அந்த ஓர் எழுத்து இல்லாததால் கிட்டத்தட்ட யாருமே உதவவில்லை என்று ஆகிவிடுகிறதாம். பி.எஸ்.சி. நர்சிங் படித்தவள் தெரியாமல் எழுதியிருப்பாளா என்று கூட இருந்தவர்கள் கேட்டார்கள்.

அந்தப் பெண்ணின் தலைமாட்டில் நீ நடந்து வந்தாய். கால்மாட்டில் கட்டிலைப் பிடித்திருந்தது யார் என்று உனக்குத் தெரியாதா?

அரங்கநாதன்


வெள்ளிமலை
20.12.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் எழுதியதன் நகலை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. அந்த "எ" இல்லை.

எங்கள் மருந்தாளர் பிரிட்டோவின் மனைவி ஜெஸி இங்கே விடுதிப் பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். அவர் மருந்து பாட்டிலை வைத்தே சொன்னார். பாட்டிலில் "எ லிட்டில்" மருந்து இருக்கிறது என்றால், கொஞ்சம் இருக்கிறது, நோயாளிக்குக் கொடுக்கலாம். "லிட்டில்" மருந்து இருக்கிறது என்றால், இருப்பது போதாது, வாங்கிவர ஆள் அனுப்ப வேண்டும். மருந்தின் அளவு என்னவோ ஒன்றுதான், பார்க்கிறவர் இருப்பதைச் சொல்கிறாரா இல்லாததைச் சொல்கிறாரா என்பதில்தான் வித்தியாசம் என்றார். ஃபியூவும் அப்படியே. தமிழில் யோசித்துப் பார்த்தேன். சிலர் உதவினார்கள் என்று நான் எழுத நினைத்தேன். உதவியவர்கள் சிலரே என்று எழுதிவிட்டிருக்கிறேன்.

தெரிந்து எழுதவில்லை. நான் படித்தது பி.எஸ்.சி.யும் இல்லை, டிப்ளமோதான். அதை உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள். ஜெஸி சொல்லும்வரை இரண்டுக்கும் வித்தியாசம் உண்டென்றே எனக்குத் தெரியாது.

அன்றைக்கே எங்கள் டாக்டரைப் பார்த்து, திருத்தி ஒரு கடிதம் கொடுக்க அனுமதி கேட்டேன். கொடு என்றார். எழுதியும் விட்டேன். அனுப்புவதற்குள் ஒன்று நடந்தது.

பாப்பாத்தியின் புருஷன் மாத்திரை வாங்க வந்தான். பாப்பாத்திக்கு இன்னும் உடம்பு தேறவில்லை, அன்றைக்கு நிறைய ரத்தம் போய்விட்டது. நான் திருத்தம் எழுதுவதை யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு நின்றான். கிளம்பும்போது கேட்டான்.

"சிஸ்டர், நெறைய பேரு ஒதவி செஞ்சாங்கன்னு எழுதப் போறீங்களாமே. அப்பிடி செஞ்சிருந்தா எங்க புள்ள ஏங்க செத்துது?"

நிறைய பேர் என்று எழுதவில்லை, சிலர் என்றுதான் எழுதுகிறேன் என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு வித்தியாசம் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

அன்றைக்கு நடந்ததை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். மத்தியானம், நல்ல வெயில். அணையைத் தாண்டி இறங்கி வந்தால் ரோட்டை அடைத்து மூன்று புளியமரம். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், வயல் வரப்பு எல்லாம் ஆட்கள். நான் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டேன். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. யாரும் அசையவும் இல்லை. மரத்தடியில் பெரியவர்களோடு நீங்கள் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். நீங்கள் வர ரொம்ப நேரம் ஆனது. வந்த பிறகு ஒரு குறையும் இல்லை, கட்டில் கொண்டுவரச் சொன்னீர்கள், அஞ்சாறு பேராய்த் தூக்கினீர்கள், அந்தப் பக்கம் டிராக்டர் பிடித்துக் கொடுத்தீர்கள். இரண்டும் நடந்தது. இதில் எதை எழுதுவது என்று நின்றுவிட்டேன்.

கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை. கோபப்படாமல் கொஞ்சம் பொறுங்கள்.

விஜயலட்சுமி


கச்சிராயபாளையம்
18.1.1988

விஜயாவுக்கு,

பொங்கல் முடிந்தது. கரும்பு வெட்டு நடக்கிறது.

பொறுக்கச் சொல்கிறாய். நீ எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், வழக்கு அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பிரிவில் தண்டனை வந்தால் ஜெயில்தான் என்கிறார் தனசேகரன்.

ரொம்ப நேரம் ஆனது என்கிறாய். ஏன் ஆனது என்று ஒரு தடவையாவது கேட்டாயா? அதற்கு முதல் நாள் சாதாரண வண்டி ஒன்று உடம்பு சரியில்லாதவர் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு வந்தது. வழிவிட்டோம். உள்ளே இருந்து இறங்கியது போலீஸ். அடி வாங்கியவர்களில் ஒருவருக்கு இன்னும் கை மடங்கவில்லை. அதனால்தான் நம் சனம் உன் ஜீப்பைப் பார்த்து அசையவில்லை. மலை ஜனத்தின்மேல் எங்களுக்கு என்ன பகை? சங்கத்துக்கு நான் கிளைச் செயலாளர். நானாக வண்டியை விட்டுவிட்டு, அதிலும் ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது? பெரியவர்களிடம் கேட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுப் போட்டு ஓய்ந்து, கடைசியில் மாடு ஓட்டப் போனவன் நான். உனக்கு வேலை கிடைத்ததால் ரோட்டில் உட்கார வேண்டிய அவசியம் உனக்கு இல்லை. உட்கார்ந்தவர்களை நீ எடை போடாதே.

இத்தோடு தனசேகரன் எழுதிய தாள் ஒன்று வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு, போதும்.

அரங்கநாதன்


வெள்ளிமலை
9.2.1988

அன்புள்ள அண்ணனுக்கு,

போலீஸ் வந்த விஷயம் எனக்குத் தெரியாது. நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது தப்புத்தான்.

வக்கீல் எழுதிய தாளை ஜெஸியையும் கூட வைத்துக்கொண்டு படித்தேன். அதில் "மெனி பீப்பிள்" என்று இருக்கிறது. பலர் ஓடி வந்து உதவினார்கள், தாமதம் எதுவும் ஏற்படவில்லை என்று இருக்கிறது. நான் எழுதியது யாருமே இல்லை என்று ஆனது. நான் நினைத்தது சிலர். அவர் எழுதியிருப்பது பலர். முதலாவது என் இங்கிலீஷ் செய்த கோளாறு. இது அப்படி இல்லை.

இதில் கையெழுத்துப் போட மாட்டேன். திருப்பி அனுப்புகிறேன்.

என் திருத்தக் கடிதத்தை நேற்று அனுப்பிவிட்டேன். அதில் அந்த "எ"யைச் சேர்த்திருக்கிறேன். உங்கள் பெயரையும் எழுதியிருக்கிறேன், கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தவர் என்று. மற்றவர்கள் உதவாமல் நின்றதையும் எழுதியிருக்கிறேன். போலீஸ் வந்தது எனக்கு நேரில் தெரியாததால் அதை எழுதவில்லை. அதை உங்கள் வக்கீல் கேட்கட்டும்.

நான் யாரையும் எடை போடவில்லை. உங்களை ரோட்டில் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது தைரியம். அண்ணன் இருக்கிறது, இனி பயமில்லை என்று பாப்பாத்தியின் மாமியாரிடம் சொன்னேன். அந்தம்மாள் பெயர் காசியம்மாள். அப்புறம் நீங்கள் வர நேரமாக ஆக, அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை எந்தக் காகிதத்திலும் நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

விஜயலட்சுமி


வெள்ளிமலை
28.6.1988

அன்புள்ள அண்ணனுக்கு,

என் போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. நேற்று கோர்ட்டிலும் பேசாமல் போய்விட்டீர்கள். எனக்கும் மலைக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸை விட முடியவில்லை.

சம்மன் வந்ததால்தான் வந்தேன், அரசுத் தரப்பு சாட்சியாக. கூண்டில் ஏறும்போது உங்கள் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். பார்த்துவிட்டேன். இளைத்துப் போயிருக்கிறீர்கள்.

அரசு வக்கீல் என் அறிக்கையையும் திருத்தத்தையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு, எது உண்மை, இதுவா அதுவா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்டார். நீங்கள் பின்வரிசையில் இருந்தீர்கள். என் குரல் கம்மியாக இருந்ததால் உங்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன். நான் இங்கிலீஷில் பதில் சொல்லவில்லை. மாஜிஸ்திரேட்டைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

"ஐயா, தூக்கினவங்க அஞ்சாறு பேரு. நின்னுக்கினு இருந்தவங்க ஒரு ஊரு. இத எந்த வார்த்தையில எழுதணுமோ நீங்களே எழுதிக்குங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். தூக்கியவர்களில் யாரையாவது அடையாளம் தெரியுமா என்று அவரே கேட்டார். உங்களைக் காட்டினேன். மற்றவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு அன்று நேரம் இருக்கவில்லை. என் கண் பாப்பாத்தியின் மேல்தான் இருந்தது. தெரியாதவர்களைத் தெரியும் என்று சொல்ல முடியவில்லை.

தனசேகரன் குறுக்கு விசாரணையில் போலீஸ் வண்டியைப் பற்றிக் கேட்டார். பிறகு கேள்விப்பட்டேன் என்று சொன்னேன். பார்த்தது வேறு, கேட்டது வேறு என்று அரசு வக்கீல் சொல்லிவிட்டார்.

இதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தேவிப்ரியாவுக்குக் காய்ச்சல் என்று அண்ணி ஆள்மூலம் சொல்லி அனுப்பினாள். சிரப் கொடுத்தனுப்பியிருக்கிறேன், ஆகாரத்துக்குப் பிறகு கொடுக்கச் சொல்லுங்கள்.

விஜயலட்சுமி


கச்சிராயபாளையம்
2.9.1988

விஜயாவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. நோயாளி வண்டியை மறித்த பிரிவிலிருந்து என்னை விடுவித்துவிட்டார்கள். என்னை மட்டும். நீ காட்டியது என்னை மட்டும்தானே. என்னோடு கட்டில் தூக்கியவர்களையும் சேர்த்து மற்றவர்கள் எல்லாருக்கும் தண்டனை. அப்பீல் போட்டிருக்கிறார்கள், அதுவரை ஜாமீன்.

கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது வாழ்த்துச் சொல்ல ஒருவரும் வரவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. நாராயணசாமி, என்னோடு கட்டிலின் மறுமூலையைப் பிடித்தவன், சின்ன வயதிலிருந்து என் சேக்காளி, என் முகத்துக்கு நேராகவே கேட்டான்.

"உன் தங்கச்சி கண்ணுக்கு நீ மட்டும்தான் தெரிஞ்சியா? என் தோளு தெரியலயா?"

அவளுக்கு முகம் பார்க்க நேரமில்லை என்றேன். சிரித்தான்.

இப்போது கரும்பு நடவுக்குக் கூப்பிட்டால் ஆள் வருவதில்லை. கிளைச் செயலாளர் பொறுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். கொளஞ்சியம்மாளும் நானும்தான் கரும்பைத் துண்டு போட்டுக் கரணை நடுகிறோம்.

உன்மேல் முன்பு இருந்த கோபம் வேறு, இப்போது இருப்பது வேறு. முன்பு என்னைக் கைவிட்டாய் என்று கோபம். இப்போது நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

அரங்கநாதன்


செங்கல்பட்டு
11.6.1989

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் கேட்டுக்கொண்டபடி இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது.

நான் மூன்று மாதப் பயிற்சிக்காக இங்கே வந்திருக்கிறேன். ஒதுக்கீட்டு ஆணை வந்ததைப் பேப்பரில் படித்தேன். நாராயணசாமி அண்ணன் நம் வீட்டுக்கு வந்து ஏர் பூட்டிக் கொடுத்தார் என்று அண்ணி எழுதியிருந்தாள். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அப்பீலில் எல்லாரும் விடுதலை ஆனதையும் அவள்தான் எழுதினாள். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

விஷயம் பாப்பாத்தி. மறுபடி உண்டாகியிருக்கிறாள். இது நிறைமாதம். போன தடவைபோலவே சிக்கலாகும் என்று எங்கள் டாக்டர் நினைக்கிறார். வலி வருவதற்கு முன்பே கள்ளக்குறிச்சியில் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவள் வர மாட்டேன் என்கிறாளாம். செத்தாலும் மலையிலேயே சாகிறேன், கீழே ரோட்டில் கிடக்க மாட்டேன் என்கிறாளாம். எனக்குப் பதிலாக வந்திருக்கும் நர்ஸ் சின்னப் பெண், இரண்டு தடவை போய்ப் பேசிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதியிருக்கிறாள். இங்கே லீவு கேட்டேன். கொடுக்கவில்லை.

உங்களைத் தவிர எனக்கு வேறு யாரையும் கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. போனாலும் அவள் வருவாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் புருஷன் உங்களை என்ன சொல்வான் என்றும் தெரியாது. வெள்ளிமலையில் இறங்கி பிரிட்டோவிடம் கேட்டால் வழி சொல்வார். நடந்துதான் போக வேண்டும்.

விஜயலட்சுமி


கச்சிராயபாளையம்
29.6.1989

அன்புள்ள விஜயாவுக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாப்பாத்திக்கு நேற்று பெண் குழந்தை. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். நான் இன்று காலை பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து இரண்டு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கொளஞ்சியம்மாளிடம் சொன்னேன். அவள் என் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

பிரிட்டோ பாதி தூரம் கூடவே வந்தார். அதற்கப்புறம் தனியாகப் போனேன். ஆறேழு வீடுதான் அந்த ஊர். பாப்பாத்தியின் புருஷன் சாமை புடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். உட்காரச் சொல்லவில்லை. நானும் நின்றேன். சிஸ்டரோட அண்ணன் என்று சொன்னேன், தெரியும் என்றான். காசியம்மாள்தான் தண்ணி கொண்டுவந்து கொடுத்தது.

நான் போகும் வழியெல்லாம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று தயார் செய்து வைத்திருந்தேன். போலீஸ் வண்டி வந்தது, எங்களுக்கு இருந்த பயம், எங்கள் பிள்ளைகளின் படிப்பு எல்லாம். அங்கே போனதும், ரோடு இப்போது திறந்திருக்கிறது, மறியல் முடிந்துவிட்டது, நாளைக்கே வண்டி கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பாப்பாத்தி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு சின்னப் பெண் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"கால்மாட்டுல தூக்கினது நீங்கதான?"

ஆமாம் என்றேன்.

"மொதல்லியே ஏன் வரலங்க?"

"கேட்டுக்கினு இருந்தோம்மா" என்றேன்.

"யாரங்க?"

விஜயா, யாரைக் கேட்டோம் என்று எனக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. பேர் பேராகச் சொல்லலாம். ஆனால் அந்தப் பேர்களை அங்கே சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது, எனக்கு என்ன ஆகப்போகிறது? நின்றுகொண்டே இருந்தேன். அவள் புருஷன் முறத்தைக் கீழே வைத்தான். அதற்கப்புறம் அவளே, "வண்டிய நீங்க ஓட்டறீங்களா?" என்று கேட்டாள். எனக்கு ஓட்டத் தெரியாது, முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறேன் என்றேன். யோசித்தாள். சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். காசியம்மாள் என்னை வெள்ளிமலையில் இருந்துகொள்ளச் சொன்னது. பிரிட்டோ வீட்டில் படுத்தேன்.

காலையில் கண் விழித்தால் மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். துணி மூட்டையோடு.

உங்கள் ஜீப் ரிப்பேர் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நான் சொல்லி அனுப்பியிருந்ததால் நாராயணசாமி கீழே இருந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவர்கள் பின்னால். நாராயணசாமியும் பின்னால்தான், ஓரமாக. யார் என்று அவன் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை, நானும் சொல்லவில்லை. மலையிறக்கத்தின் வளைவுகளில் வண்டி மெதுவாகப் போகும்போது பாப்பாத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அணையைத் தாண்டி நம் ஊர் எல்லைக்கு வந்தோம். மரம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை, அடிக்கட்டையைக்கூடத் தோண்டி எடுத்துப் போய்விட்டார்கள். புதிதாக வருகிறவனுக்கு அது எந்த இடம் என்று தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. பின்னாலிருந்து டிரைவரை நிறுத்தச் சொன்னாள். வலி வந்துவிட்டதோ என்று நான் பயந்து இறங்கினேன். வலி இல்லை. "எறங்கறேன்" என்றாள்.

கை கொடுக்கப் போனேன். அவள் புருஷனும் நாராயணசாமியும் கூட எழுந்தார்கள். எங்கள் மூன்று பேரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துத் தானே இறங்கினாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு ரோட்டின் நடுவிலேயே நடந்தாள். எதிரே வந்த டவுன் பஸ் ஒதுங்கி நின்றது. உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு நாங்கள் கட்டிலைத் தூக்கிய தூரம் எவ்வளவோ அவ்வளவையும் அவள் நடந்தாள். காசியம்மாள் மட்டும் பின்னால் போனது, தொடவில்லை. நானும் நாராயணசாமியும் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றோம்.

கடைசி மரம் கிடந்த இடத்தைத் தாண்டியதும் அவள் நின்றாள். மூச்சு வாங்கியது. வண்டியைக் கிட்டே கொண்டுபோய் நிறுத்தினோம். ஏறி உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னால் இருந்த என்னைப் பார்த்து, "இப்ப போலாங்க" என்றாள்.

உன் அண்ணன்,
அரங்கநாதன்